குடும்பப் படகு: டியூப் இழுக்கவும் வேண்டும், திறந்த கடலையும் தாங்க வேண்டும், எதை வாங்குவது?

நீர்க்காகம்

எல்லோருக்கும் வணக்கம். படகு வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது, எந்தப் படகு என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. நானும் மனைவியும், மூன்று பிள்ளைகள் (14, 11, 6 வயது), அவ்வப்போது மாமனாரும் வருவார், ஆக ஆறு பேர். படகை இறக்கும் இடம் ஓரளவு அடக்கமான வளைகுடா. காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், டியூப் (படகு கயிற்றில் இழுக்கும் காற்று மிதவை), வேக்போர்டு (படகு இழுக்க ஆள் நின்றுவரும் பலகை) எல்லாம் அங்கேதான் நடக்கப்போகிறது. ஆனால் அதைத் தாண்டி வெளியே இருக்கும் தீவுக்கும் போய்வர ஆசை. நடுவில் 15 கிலோமீட்டர் போலத் திறந்த கடல், மறைப்பு எதுவும் கிடையாது, மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் ஒரு மீட்டர் அலை, அதுவும் அடுத்தடுத்து நெருக்கமாக, முதுகில் குத்துகிற மாதிரி வரும்.

இதுவரை பார்த்து வைத்திருப்பது 21 அடி பௌரைடர் (திறந்த முகப்பிலும் இருக்கை உள்ள படகு), ஸ்டெர்ன் டிரைவ் இன்ஜின் (இன்ஜின் உள்ளே, புரொப்பல்லர் பின்னால் வெளியே). விற்பவர் "கடலுக்கெல்லாம் தாராளமா போகலாம் சார்" என்கிறார். முன்பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மனைவிக்கு அகலமான டெக் போட் பிடித்திருக்கிறது, உட்கார இடம் அதிகம். மச்சான் மீன்பிடிப் பைத்தியம், நடுவில் ஓட்டும் மேடை மட்டும் உள்ள சென்டர் கன்சோலைத் தவிர வேறு எதையும் படகு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். மூத்தவனுக்கு வேக்சர்ஃப் (படகு எழுப்பும் அலையில் பலகை வைத்துச் சறுக்குவது) வேண்டுமாம், அதற்கென்றே செய்த படகுகளின் வீடியோவை தினமும் கொண்டுவந்து காட்டுகிறான். எது வாங்கினாலும் டிரெய்லரில்தான் இழுத்துப் போகவேண்டும்.

ஒரே படகில் இதெல்லாம் நடக்குமா? நடக்காது என்றால் எதை விட்டுக்கொடுப்பது?

சுக்கான்

சார், வளைகுடாவுக்குள் எந்தப் படகு இருந்தாலும் பிள்ளைகள் குதூகலமாகத்தான் இருப்பார்கள். படகுக்குப் படகு வித்தியாசம் தெரியப்போவது அந்த 15 கிலோமீட்டரில்தான். அதனால் முதலில் அந்தத் தண்ணீருக்கு ஏற்ற படகைப் பிடியுங்கள், விளையாட்டை அதற்குள் அடக்கிக்கொள்ளலாம். விளையாட்டுப் படகை வாங்கிவிட்டு அதைக் கடலுக்குப் பழக்கலாம் என்றால் நடக்காது.

ஒரு மீட்டர் அலை என்று சொன்னீர்கள். வானிலை அறிவிப்பில் வரும் அலை உயரம் என்பது அந்த நேரத்தில் வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதாவது 1 மீட்டர் என்று போட்டிருந்தால் அவ்வப்போது ஒன்று கிட்டத்தட்ட 2 மீட்டருக்கு எழும்பி வரும். அதைவிட முக்கியம் ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆழமான தண்ணீரில் அந்த விநாடியை அதனாலேயே பெருக்கி மறுபடி 1.56 ஆல் பெருக்கினால் முகட்டுக்கு முகடு எத்தனை மீட்டர் என்று வரும். 8 விநாடி என்றால் 100 மீட்டர், படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், மாமனார் தூங்கிவிடுவார். 3 விநாடி என்றால் வெறும் 14 மீட்டர். உங்கள் 21 அடி படகு 6.4 மீட்டர். ஒரு அலையிலிருந்து முகப்பு இறங்கி முடிவதற்குள் அடுத்தது முன்னால் நிற்கும். நீங்கள் சொல்லும் குத்து அங்கிருந்துதான் வருகிறது.

இதைச் சமாளிக்க படகில் பார்க்க வேண்டியது மூன்று: அடிப்பகுதியின் வடிவம், எடை, நீளம். அடிப்பகுதி 'வி' மாதிரி எவ்வளவு சாய்வாக இறங்குகிறது என்ற கோணத்தை டெட்ரைஸ் என்பார்கள். பின்பலகையில், அதாவது படகின் பின்சுவரில், அளந்து சொல்வது வழக்கம். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் டீப் வி, அலையைப் பிளந்துகொண்டு போகும். டெக் போட்டில் இது குறைவு, அடி கிட்டத்தட்ட தட்டை, அதனால்தான் அவ்வளவு இடம் கிடைக்கிறது, அதனால்தான் அலையில் அப்படி அறைகிறது. இந்த டீப் வி வடிவத்தைப் பிரபலமாக்கியவர் ரே ஹன்ட். அவர் வரைந்த 'மாப்பி' என்ற படகு 1960இல் மோசமான கடலில் மியாமி–நாசாவ் பந்தயத்தை ஜெயித்த பிறகுதான் உலகம் முழுக்க இதைப் பின்பற்ற ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விற்பவரோடு வாதாட வேண்டாம். அலையில் முதலில் அடி வாங்குவது பின்பலகை இல்லை, படகின் நடுவுக்குச் சற்று முன்னால் உள்ள பகுதி. அங்கே எவ்வளவு கூர்மை என்று டிரெய்லரில் நிற்கும்போது கீழே குனிந்து பாருங்கள். பின்னால் 20 டிகிரி, முன்னால் குண்டு முகம் என்றால் அறையத்தான் செய்யும். அதே வடிவத்தில் எடை கூடுதலான படகு மென்மையாகப் போகும். லேசான படகு ஓட்டச் சிக்கனம், கடலில் உங்கள் இடுப்புதான் அதற்குக் காசு கொடுக்கும்.

டீப் வி-க்கும் குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நிற்கும்போது ஆடும். மூன்று பிள்ளைகளும் ஒரே பக்கம் ஓடினால் நன்றாகவே சாயும். அதே வேகத்துக்குக் கூடுதல் குதிரைத்திறன் கேட்கும்.

அப்புறம் அந்தத் திறந்த முகப்பு. உங்கள் வயிறு சொல்வது சரி. பௌரைடரில் முகப்பு தாழ்வாக இருக்கும், ஒரு அலை மேலே ஏறி உள்ளே விழுந்தால் அரை டன் தண்ணீர் முன்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், முகப்பு இன்னும் இறங்கும், அடுத்த அலை இன்னும் சுலபமாக உள்ளே வரும். ஏரிக்கென்று செய்த பல படகுகளில் தண்ணீர் தரையிலிருந்து அடிக்குழிக்கு இறங்கி அங்கிருந்து பம்பு மூலமாகத்தான் வெளியே போகவேண்டும். மணிக்கு 4,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் பம்பு அந்த அளவை முழுதாகத் தள்ளினாலே அரை டன்னுக்கு ஏழெட்டு நிமிடம், அதுவும் குழாய் வளைவு, பேட்டரி நிலைமை எல்லாம் சேர்ந்து உண்மையில் அவ்வளவு தள்ளாது. தரை நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, ஓரத்துத் துளைகள் வழியே தண்ணீர் தானாகவே வெளியேறும் படகாகப் பாருங்கள். பம்பு அதற்கு மேல் ஒரு துணைதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது டூயல் கன்சோல் (இரண்டு பக்கமும் மேடை, நடுவில் முகப்புக்கு வழி), 22லிருந்து 24 அடி, அவுட்போர்டு இன்ஜின் (பின்பலகைக்கு வெளியே மாட்டுவது). பௌரைடர் மாதிரியே முன்னால் உட்காரலாம், ஆனால் பக்கச்சுவர் உயரம், முகப்பு உயரம், கண்ணாடி முழு அகலத்துக்கு, நடுவில் உள்ள கதவைச் சாத்திவிட்டால் பிள்ளைகள் மேல் காற்றும் தெறிப்பும் அடிக்காது. கிரேடி-வைட்டின் ஃப்ரீடம் வரிசை, பாஸ்டன் வேலரின் வான்டேஜ் வரிசை இரண்டும் இந்த வகை, ஒருமுறை ஏறிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். அவைதான் வாங்கவேண்டும் என்று இல்லை.

மச்சான் சொல்லும் சென்டர் கன்சோல் கடலுக்கு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் மறைவு. மற்ற நாலு பேரும் நனைந்துகொண்டே வருவார்கள், 6 வயதுப் பிள்ளை குளிரில் நடுங்க ஆரம்பித்தால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது.

பலகைப்பித்தன்

சுக்கான் அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு, ஆனால் விளையாட்டுப் பக்கத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டார். படகு வாங்கிய பிறகு பெரும்பாலான நேரம் எங்கே போகும் என்று யோசியுங்கள். தீவுக்குப் போவது எப்போதாவது, டியூபும் பலகையும் படகை இறக்கும் போதெல்லாம்.

எது எதற்கு என்ன வேகம் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சின்னப் பிள்ளை டியூபில் இருந்தால் மணிக்கு 15 கிலோமீட்டரே போதும், பெரியவர்களுக்கு 25–30. வேக்போர்டு 30லிருந்து 38 வரை. தண்ணீர்ச் சறுக்கு என்றால் பெரியவர்களுக்கு 45–55. இதில் எதற்கும் அசுர இன்ஜின் தேவையில்லை, தேவை கீழ்வேகத்தில் இழுவை. தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளை நாலைந்து விநாடியில் தூக்கி நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கை விட்டுப்போகும். டூயல் கன்சோல் வாங்கினால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) சற்றுக் குறைந்த நாலு இதழ் புரொப்பல்லர் போட்டுக்கொள்ளுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், யாரும் அழப்போவதில்லை. அதே புரொப்பல்லர் கடலிலும் உதவும், குறைந்த வேகத்திலேயே படகு தண்ணீரின் மேல் எழும்பி நிற்கும்.

டீப் வி படகின் வேக் (பின்னால் எழும் அலை) வேக்போர்டுக்கு நன்றாகவே இருக்கும், கனமான படகு என்பதால் இன்னும் நல்லது. ஒற்றைச் சறுக்குப் பலகையில் தீவிரமாக இறங்குபவர்களுக்குத்தான் அது மேடு மாதிரி இடைஞ்சல், அவர்களுக்குத் தட்டையான தண்ணீர் வேண்டும், உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை போலிருக்கிறது.

இப்போது மூத்தவன் விஷயம். வேக்சர்ஃப் 16–19 கிலோமீட்டர் வேகத்தில், படகுக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டரில், கயிற்றையும் விட்டுவிட்டு அலையில் நிற்கும் விளையாட்டு. விழுந்தால் படகின் காலடியில்தான் விழுவார்கள். அவுட்போர்டிலும் சாதாரண ஸ்டெர்ன் டிரைவிலும் புரொப்பல்லர் பின்பலகைக்கு வெளியே சுழல்கிறது. அதனால் அதன் பின்னால் சர்ஃப் என்ற பேச்சே கூடாது, "மெதுவாத்தானே போறோம்" என்று யார் சொன்னாலும் சரி. சர்ஃப் படகுகளில் புரொப்பல்லர் படகின் அடியில், நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். வால்வோ பென்டா 2015இல் ஃபார்வர்டு டிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஸ்டெர்ன் டிரைவ்தான், ஆனால் புரொப்பல்லர் முன்பக்கம் பார்த்து இருக்கும், படகின் பின்முனையிலிருந்து உள்ளே தள்ளி. அந்த மாதிரி டிரைவ் உள்ள படகு என்றால் சர்ஃப் சாத்தியம்.

ஆனால் முழு சர்ஃப் படகை வாங்கிக்கொண்டு தீவுக்குப் போகாதீர்கள். அவை அலை பெரிதாக எழ வேண்டும் என்பதற்காக ஒரு டன், அதற்கு மேலும் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு தாழ்ந்து ஓடுபவை, முகப்பு தாழ்வு, தண்ணீர் தானாக வெளியேற வழி இல்லை. அடக்கமான தண்ணீரில் ராஜா, வெளியே பாவம்.

இன்னொன்று, பின்னால் ஆள் தொங்கிக்கொண்டு வரும் விளையாட்டு எதுவானாலும் புகையைக் கவனியுங்கள். மெதுவாக ஓடும் படகில் கார்பன் மோனாக்சைடு பின்பக்கமே சுழன்று நிற்கும், வாசனை கிடையாது, தலைவலி, குமட்டல் என்று ஆரம்பிக்கும், எல்லோரும் கடல் மயக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்ஜின் ஓடும்போது நீச்சல் மேடையில் யாரும் உட்காரவோ பிடித்துக்கொண்டு தொங்கவோ விடக்கூடாது.

நீர்க்காகம்

இருவருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. டெக் போட்டை மனைவியே விட்டுவிட்டார், அந்த அரை டன் தண்ணீர் கணக்கைப் படித்துக் காட்டினேன். சின்னவள் எப்போதும் முகப்பில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பாள், டூயல் கன்சோலில் அங்கே உட்கார வைக்கலாமா? ரிப் படகுகள் அலைக்கு நல்லது என்கிறார்களே, அது எப்படி? பிறகு ஒரு இன்ஜினா இரண்டா?

காற்றடைத்தவன்

ரிப் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் வருகிறேன். கீழே ஃபைபர் டீப் வி, சுற்றிலும் காற்றுக்குழாய். சாய்ந்தால் குழாய் தண்ணீரில் அழுந்திப் பிடித்துக்கொள்ளும், அதனால் நிற்கும்போது டீப் வி-யின் ஆட்டம் இதில் கிடையாது. ஆள் நீரிலிருந்து ஏறுவதும் சுலபம், குழாய் மேல் உருண்டு வந்துவிடலாம், டியூபிலிருந்து விழுந்த பிள்ளையைப் படகின் பக்கத்தில் கொண்டுவந்தாலும் சுவரில் மோதுகிற பயம் குறைவு. எடை கம்மி, இழுத்துப்போகச் சின்ன வண்டியே போதும். குறை என்னவென்றால் உள்ளே இடம் சிறியது, 7 மீட்டர் ரிப் உள்ளே பார்த்தால் 6 மீட்டர் படகு மாதிரிதான் இருக்கும். மறைவு சுத்தமாகக் கிடையாது, நனைவீர்கள். குழாய்க்கும் ஆயுள் உண்டு, வெயிலில் கிடந்தால் தையலும் ஒட்டும் போகும், மாற்றுவது பெரிய செலவு. நாலு பெரியவர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரிப் என்பேன். மாமனாரும் 6 வயதுக் குழந்தையும் என்றால் சுக்கான் சொன்னதே சரி.

முகப்பில் உட்காருவது பற்றி: அடக்கமான தண்ணீரில் சரி, வெளியே வந்ததும் எழுப்பிப் பின்னால் கொண்டுவந்துவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. படகு குதிக்கும்போது பின்பக்கம் கொஞ்சம்தான் நகரும், முகப்புதான் எழுந்து விழும். வேகப்படகுகளில் முன்வரிசையில் உட்கார்ந்து போனவர்களுக்கு முதுகெலும்பு நொறுங்கிய விபத்துகள் பல நடந்திருக்கின்றன, அதில் பலர் தாங்கள் ஆபத்தான எதையும் செய்யவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள், சும்மா உட்கார்ந்திருந்தார்கள் அவ்வளவுதான். பெரியவர்கள் என்றால் மாமனார் வயதில் எலும்பு இன்னும் மோசம். அவர் இடம் பின்வரிசை, நல்ல மெத்தை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி.

மோட்டார்மணி

இவ்வளவு யோசிக்காதீர்கள். தீவுக்குப் போகும் நாளில் விடியற்காலை கிளம்புங்கள், காற்று எழுவதற்குள் திரும்புங்கள். அந்தப் பௌரைடரே போதும். விலையில் மிச்சமாகும் காசுக்கு எத்தனை டியூப் வாங்கலாம்.

சுக்கான்

மணி, போகும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். திரும்பும் நேரத்தை எப்போதும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தீவில் பிள்ளைக்கு வயிற்றுவலி, இன்ஜினில் கயிறு சுற்றிக்கொண்டது, எதுவோ ஒன்று, மதியம் ஆகிவிடும். 21 அடி பௌரைடரில் போகிறவர்கள் இருக்கிறார்கள்தான், நல்ல நாள் பார்த்துப் போய் வந்துகொண்டும் இருக்கிறார்கள். நான் ஆறு பேரோடு போகமாட்டேன்.

நீர்க்காகம் சார், இன்ஜின் கேள்விக்கு வருகிறேன். 23 அடி டூயல் கன்சோலுக்கு ஒரு பெரிய அவுட்போர்டு போதும், 200லிருந்து 300 குதிரைத்திறன், படகின் தகட்டில் அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாமல் அதை ஒட்டியே எடுங்கள். கீழே எடுத்தால் ஆறு பேர் ஏறி டியூபையும் இழுக்கும்போது மூச்சு வாங்கும். இரண்டு இன்ஜின் என்பது பின்னால் இரண்டு மடங்கு எடை, இரண்டு மடங்கு பராமரிப்பு, அதோடு இரண்டுக்கும் ஒரே தொட்டியிலிருந்து கெட்ட எரிபொருள் போனால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். அதைவிட 9.9 குதிரைத்திறன் சின்ன இன்ஜின் ஒன்றைத் தனி எரிபொருள் தொட்டியோடு பக்கத்தில் மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். மெதுவாக ஊர்ந்தாவது கரைக்கு வரலாம்.

ஸ்டெர்ன் டிரைவைவிட அவுட்போர்டை நான் சொல்வது உப்புத் தண்ணீருக்காக. வேலை முடிந்ததும் முழுவதையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம், நன்னீர் விட்டுக் கழுவலாம். ஸ்டெர்ன் டிரைவில் பின்பலகையில் ரப்பர் உறை ஒன்று இருக்கிறது, அது கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள். அவுட்போர்டின் ஒரே தொல்லை கயிறு இழுக்கும் இடத்தில் அது குறுக்கே நிற்பது. அதற்கு இன்ஜினுக்கு மேலே போகும் கம்பம் ஒன்று உண்டு, பலகைக்கு அது போதும். டியூபை மட்டும் உயரமான டவரிலிருந்து (படகுக்கு மேலே கயிறு கட்டும் கம்பிச் சட்டம்) இழுக்காதீர்கள், டியூப் தண்ணீரில் மூக்கைக் குத்திக்கொண்டால் வரும் இழுவையை அது தாங்கும் என்று செய்ததில்லை, டவர் செய்பவர்களே பலர் வேண்டாம் என்று எழுதி ஒட்டுகிறார்கள். பின்பலகையின் இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும், இரண்டிலும் மாட்டி நடுவில் சேரும் கயிறு போடுங்கள்.

எடையை மறக்கவேண்டாம். 23 அடி டூயல் கன்சோல், இன்ஜின், நிரம்பிய தொட்டி, டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். உங்கள் வண்டி அதை இழுக்குமா, முக்கியமாக ஈரமான சரிவில் மேலே ஏற்றுமா என்று முதலில் பாருங்கள். படகைப் பிடித்துவிட்டு வண்டியையும் மாற்றவேண்டி வந்தால் பட்ஜெட் அவ்வளவுதான்.

ஐரோப்பியத் தரப்படி விற்கும் படகு என்றால் சிஇ வகை என்று ஒரு எழுத்து இருக்கும். சி என்றால் காற்று 6 பியூஃபோர்ட் (காற்றின் வலுவைச் சொல்லும் அளவு) வரை, அலை 2 மீட்டர் வரை. பி என்றால் 8 வரை, 4 மீட்டர் வரை. டி என்றால் அரை மீட்டரைத் தாண்டாத தண்ணீருக்கு மட்டும். உங்களுக்குக் குறைந்தது சி, பி கிடைத்தால் நிம்மதி. ஒரே படகுக்கு பி-யில் இத்தனை பேர், சி-யில் இத்தனை பேர் என்று இரண்டு கணக்கு போட்டிருக்கும். தகட்டில் 10 பேர் என்று பார்த்துச் சந்தோஷப்படாமல் எந்த எழுத்துக்கு 10 என்று பாருங்கள். இந்த எழுத்து படகு தாங்குமா என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருப்பவர்கள் தாங்குவார்களா என்பதை இல்லை.

பலகைப்பித்தன்

லைஃப் ஜாக்கெட் பற்றி யாரும் பேசவில்லையே. பலகைக்கும் டியூபுக்கும் போடும் இறுக்கமான ஜாக்கெட் பெரும்பாலும் 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) வகை, மிதக்க உதவும், அவ்வளவுதான். நினைவு தப்பியவரை மல்லாக்கத் திருப்பி முகத்தை மேலே வைக்கும் வேலையை அது செய்யாது. வளைகுடாவில் படகு பக்கத்திலேயே இருக்கும்போது அது சரி. தீவுக்குப் போகும்போது 100 அல்லது 150 வகைக்கு மாறவேண்டும், பிள்ளைகளுக்குக் கால் இடுக்குப் பட்டையோடு. இரண்டு செட் வாங்கத்தான் வேண்டும், இதில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

கயிறும் அப்படித்தான். இருவர் டியூபுக்கு 2,375 பவுண்டு, நால்வருக்கு 4,100 பவுண்டு தாங்கும் கயிறு என்று அளவு வைத்திருக்கிறார்கள். வேக்போர்டு கயிற்றை டியூபில் கட்டி அது அறுந்து படகுக்குள் சாட்டையாக வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன், நல்லவேளை யார் மேலும் படவில்லை.

நீர்க்காகம்

சரி. 23 அடி டூயல் கன்சோல் ஒன்று பயன்படுத்தியது விற்பனைக்கு இருக்கிறது, 250 குதிரைத்திறன், பின்பலகையின் கீழ் விளிம்பில் ட்ரிம் டேப் (முகப்பை ஏற்ற இறக்க உதவும் அசையும் தட்டுகள்) இருக்கிறது, டெட்ரைஸ் 20 டிகிரி. மூத்தவனிடம் சர்ஃப் இல்லை, வேக்போர்டு உண்டு என்று சொல்லியாகிவிட்டது, இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். விற்பவர் ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார். ஓட்டும்போது எதைப் பார்ப்பது?

சுக்கான்

முதல் விஷயம், காலையில் தட்டைத் தண்ணீரில் ஓட்டிக்காட்டக் கூப்பிட்டால் போகாதீர்கள். மதியம் வாருங்கள் என்று சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் அந்த எடைக்கு ஆள் சேருங்கள். ஒருவர் மட்டும் ஏறிய படகும் ஆறு பேர் ஏறிய படகும் வேறு வேறு.

வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து எந்த வேகத்தில் படகு தண்ணீர்மேல் நிற்க முடியாமல் உட்காருகிறது என்று பாருங்கள். 22–25 கிலோமீட்டர் வரை நின்றால் அருமை, ஏனென்றால் குத்துகிற அலையில் நீங்கள் போகப்போகும் வேகம் அதுதான். 32–35க்குக் கீழே வந்தாலே உட்கார்ந்துவிடுகிறது என்றால், அலையில் ஒன்று வேகமாகப் போய் அடி வாங்கவேண்டும், இல்லை மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுதுகொண்டு போகவேண்டும். ட்ரிம் டேப்பை இறக்கிப் பாருங்கள், அந்த வேகம் குறையவேண்டும், முகப்பு தாழ்ந்து கூர்மையான பகுதி அலையைச் சந்திக்கவேண்டும்.

அலைக்கு எதிரே, பக்கவாட்டில், அலையோடு, மூன்று திசையிலும் ஓட்டுங்கள். அலை பின்னால் வரும்போதுதான் பலரும் ஏமாறுவார்கள், எதிரே போகும்போது சத்தம் பயமுறுத்தும், பின்னால் வரும்போது எல்லாம் அமைதியாக இருக்கிற மாதிரி இருக்கும். அப்போது டேப்பை முழுக்க மேலே தூக்கிவிட்டு முகப்பை உயர்த்தி ஓட்டவேண்டும், இல்லையென்றால் முகப்பு அடுத்த அலையின் முதுகில் குத்தி, பின்பக்கம் சுழன்று படகு குறுக்கே திரும்பப் பார்க்கும். இந்தப் படகு சுக்கானை அடிக்கடி திருத்தக் கேட்கிறதா, நேராகப் போகிறதா என்று கையில் உணருங்கள். பிறகு அலையில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா மிதக்க விடுங்கள். பின்பக்கத்தால் தண்ணீர் உள்ளே வருகிறதா, யாருக்குக் குமட்டுகிறது, தரையில் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது, எல்லாம் தெரியும்.

பயன்படுத்திய படகு என்பதால் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள், உள்ளே மரம் இருந்தால் நனைந்த இடத்தில் சத்தம் மந்தமாக வரும். இன்ஜினைத் தூக்கி அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், பின்பலகை அசைந்தால் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடுங்கள். விலை பெரிது, ஒரு சர்வேயரை வைத்து ஈரமானியால் அளந்துவிடுவது நல்லது.

எரிபொருளை மூன்றாகப் பிரித்துக் கணக்கு வையுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா என்று பாருங்கள், 16ஆம் சேனல், ஆபத்தில் கூப்பிடுவது அதில்தான். மனைவிக்கும் மூத்தவனுக்கும் அதில் பேசத் தெரிந்திருக்க வேண்டும், படகை நிறுத்தவும் திருப்பவும் தெரிந்திருக்க வேண்டும், தண்ணீரில் விழுவது நீங்களாகவும் இருக்கலாம். அந்தச் சிவப்புக் கயிற்றை, ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைப்பதை, காலில் மாட்டாமல் ஓட்டாதீர்கள்.

காற்றடைத்தவன்

ஏணியையும் பாருங்கள். டூயல் கன்சோல் பலவற்றில் ஏணி இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கும், மூன்று படியாவது தண்ணீருக்குள் இறங்கவேண்டும், இரண்டே படி என்றால் களைத்துப்போன பிள்ளையால் ஏற முடியாது. தண்ணீரில் இருப்பவரே கீழிருந்து கையை நீட்டி அதை இழுத்து இறக்க முடியுமா என்று இறங்கிப் பாருங்கள். ஆள் ஏறும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், நியூட்ரலில் இருப்பது போதாது.

நீர்க்காகம்

குறித்துக்கொண்டேன். வரும் சனிக்கிழமை மதியம் என்று கேட்டிருக்கிறேன், விற்பவர் முதலில் காலை பத்து மணி என்றார், பிறகு சரி என்றுவிட்டார். மச்சானும் வருகிறார், வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், பார்ப்போம். ஈரமானி வைத்திருக்கும் சர்வேயரை அன்றைக்கே கூட்டிப்போகலாமா, இல்லை ஓட்டிப் பார்த்துப் பிடித்த பிறகு தனியாக வரச் சொல்வதா?

சுக்கான்

முதலில் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் முன்பணம் கொடுக்கும்போதே "சர்வே திருப்தியாக இருந்தால் மட்டும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, படகு தரையில் காய்ந்து நிற்கும் நாளில் அவரை வரச் சொல்லுங்கள். அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தது என்றால் மேலே ஒட்டியிருக்கும் ஈரத்தையும் சேர்த்து மீட்டர் தப்பாகக் காட்டும்.